போனக்காட்டில் கிடைத்த பித்தளை அடுப்பு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக அகத்தியமலையை நோக்கிச் செல்லும் சாலை போனக்காட்டில் முடிவடைகிறது. அதற்கப்பால் நடைதான். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் உச்சிக்கு ஏறுவோர் இங்கிருந்தே புறப்படுகின்றனர். திருவனந்தபுரம் வானோக்கு நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் புரவுன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் 1855 ஆம் ஆண்டில் அவ்வுச்சியில் ஒரு நோக்கு நிலையம் நிறுவினார் என்பது அறிவியல் வரலாற்றில் இடம் பெற்ற செய்தி. ஆயினும், நாம் இங்குக் கூறப் புகுவது மலையுச்சியில் இருந்த கருவிகளைப் பற்றியன்று. மலையடிவாரத்து அடுக்களைக் கருவி ஒன்றைப் பற்றியே.

போனக்காடு, ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய தேயிலைத் தோட்டம். தமிழகத்திலிருந்து மலையேறி வந்த தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கொழுந்து பறித்தன. தேயிலைத் தொழிற்சாலையின் எந்திரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. லயம் என்று வழங்கும் வரிசை வீடுகளில் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களுள் ஒருவர் என் தாயாரின் தமக்கை. முதுமை காரணமாக அவரும் கீழே தம் மகள் வீட்டுக்குக் குடிபெயர இசைந்தார். சாமான்களை ஒழுங்கு செய்ய உதவும் பொருட்டுச் சென்ற ஆண்டு நான் அங்குச் சென்றிருந்தேன்.

நான் செல்லுமுன்னரே பழைய உலோக வியாபாரி ஒருவர் வந்து, குடம், அண்டா, தவலை முதலியவற்றை எடை போட்டு எடுத்துச் சென்றிருந்தார். ஒரு பொருளை மட்டும் பெரியம்மா கொடுக்க மறுத்து, சாக்கில் சுற்றித் தம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். அது ஒரு பித்தளைப் பம்பு ஸ்டவ். எரிவாயு வந்த பின் மாட்டுத் தொழுவத்துப் பரணில் ஏற்றப்பட்டு, அங்கேயே பல மழைக் காலங்களைக் கழித்தது. மாடு போய், தொழுவமும் சரிந்த பின்னரே கீழே இறங்கியது. பித்தளை கறுத்து, மூட்டுகளில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது.

“தம்பி, இது எரியுமா? இதிலே ஒரு தடவை தேத்தண்ணி வச்சுக் குடிச்சிட்டுத்தான் நான் இறங்கணும்” என்றார் பெரியம்மா. எரியும் என்று அப்போதே வாக்களித்துவிட்டேன். அவசரப்பட்டு அளித்த வாக்கு அது என்பது பின்னர் விளங்கும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலின், ‘அழுத்த எண்ணெயடுப்பு’ என்று எழுதக் கை பரபரக்கிறது. ஆனால், அடுக்களையில் நின்ற எவரும் அப்பெயரால் அதை அழைத்ததில்லை. பம்பு ஸ்டவ், ஸ்டவ் பின், வாசர் என்பனவே வழங்கிய சொற்கள். அவற்றையே இக்கட்டுரையிலும் ஆள்கிறேன்.

இவ்வகை அடுப்பை 1892 ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உருவாக்கியவர் பிரான்ஸ் வில்லெம் லிந்துக்விஸ்த் என்னும் தொழில் வினைஞர். பிரைமஸ் என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. 1911 இல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சன் குழுவினரும், 1953 இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினரும் பனியை உருக்கிக் குடிநீர் பெற்றது இத்தகைய அடுப்புகளின் துணையால்தான். நம் நாட்டில் விறகும் கரியும் கைக்கு எட்டாத நகரத்து ஒற்றையறை வீடுகளிலும், விறகு நனைந்து புகையும் மலைத் தோட்டங்களிலும் அது பெரும் மதிப்புப் பெற்றது. திரியடுப்பைவிட விரைவாகவும் பாத்திரத்தில் கரி படியாமலும் எரிந்ததே காரணம்.

அஃது எவ்வாறு எரிகிறது என்பதை அறியாமல் அதைச் செப்பனிட இயலாது. அடியிலுள்ள பித்தளைத் தொட்டியில் முக்கால் பங்கு மண்ணெண்ணெய் நிரப்பப்படும். பக்கத்திலுள்ள சிறு பம்பினால் மேற்பகுதியில் காற்றைச் செலுத்தினால், அக்காற்றின் அழுத்தம் எண்ணெயை நடுக்குழாய் வழியே மேலே தள்ளும். மேலேயுள்ள எரிமுகம் முன்னரே சூடேறியிருக்க வேண்டும். அதற்காகவே கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துகிறோம். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 150 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பத்தில் ஆவியாவது. சூடேறிய எரிமுகத்தின் குழாய்களில் அது ஆவியாகி, ஊசித் துளை வழியே மிகுந்த வேகத்துடன் வெளிப்பட்டுச் சுற்றிலுமுள்ள காற்றைத் தன்னோடு இழுத்துக் கலந்துகொள்கிறது. மேலே உள்ள தட்டில் மோதிப் பரவி எரிகிறது. போதிய காற்றுக் கலந்தமையால் சுடர் நீலம். காற்றுக் குறைந்தாலோ, எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வந்தாலோ, எரியாத கரித்துகள்கள் சிவந்து ஒளிர்ந்து சுடர் மஞ்சளாகிறது. எரியத் தொடங்கிய பின் சுடரே எரிமுகத்தைச் சூடாக வைத்துக்கொள்வதால் ஸ்பிரிட் வேண்டுவதில்லை. அடுப்பிலிருந்து எழும் அந்த இரைச்சல், ஆவி வேகமாகப் பாய்ந்து தட்டில் மோதிக் கொந்தளிப்பதால் உண்டாவது. தொட்டிக்கு அதில் பங்கில்லை.

ஊசித் துளையின் குறுக்களவு, சாதாரண அடுப்பில், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்களவே. ஒரு கரித்துகள் போதும், அதை அடைத்துவிடும். ஆதலினால்தான் ஸ்டவ் பின் இல்லாத வீடு அக்காலத்தில் இல்லை. தகரப் பிடியில் பொருத்திய மெல்லிய கம்பி அது. ‘ஸ்டவ் ரிப்பேர்’ என்று கூவிக்கொண்டு தெருவில் வருவோரிடமும் மளிகைக் கடையிலும் அது கிடைக்கும். பெரியம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக் குழியில் ஒன்று இன்னும் இருந்தது.

முதலில் அடுப்பைப் பிரித்தேன். பம்பிலுள்ள தோல் வாசர் மரப்பட்டைபோல் காய்ந்திருந்தது. அதைத் தேங்காயெண்ணெயில் ஓரிரவு ஊற வைத்ததும் இளகிக் கிண்ணம்போல் விரிந்தது. பம்புக் குழாயின் அடியில், காற்றை உள்ளே விட்டு எண்ணெயைத் திரும்ப விடாத ஒருவழித் தடுக்கு இருக்கிறது. அதனுள் இருந்த தக்கை பொடிந்துபோயிருந்தது. எண்ணெய்க்கு ஊறாத செயற்கை ரப்பரில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். இத்தடுக்குக் கெட்டால் பம்பின் வழியே மண்ணெண்ணெய் வெளியே பீறிடும். அதுவும் சுடருக்கு அருகில். ஆகவே, பிறவற்றில் சிக்கனம் காட்டினும் இதில் காட்டலாகாது. எரிமுகமும் நடுக்குழாயும் சேருமிடத்தில் உள்ள வாசர் ரப்பரால் ஆகாது, உருகிவிடும். அங்குக் காரீய வாசர்தான் வேண்டும்.

களிம்பைப் போக்கப் புளியே போதுமானது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடையும் களிம்பையும் கரைக்கிறது. ஊற வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, உடனே நன்கு கழுவித் துடைக்க வேண்டும். புளியைப் பூசி மணிக்கணக்கில் விட்டுவிட்டால் அமிலம் நல்ல உலோகத்தையும் தின்னத் தொடங்கும். அமோனியா கலந்த மெருகுத் திரவங்களை மட்டும் இத்தகைய தொட்டிகளின் மீது பூசலாகாது. ஏன் என்பதே இக்கட்டுரையின் முக்கியமான செய்தி.

தேய்க்கத் தேய்க்கத் தொட்டி பொன்போல் மின்னியது. பெரியம்மா வாசற்படியில் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிவிளிம்பு வளையும் இடத்தில் மயிரிழை போன்ற இரண்டு மூன்று கோடுகள் என் கண்ணிற் பட்டன. கீறல் என்று எண்ணி மேலும் தேய்த்தேன், அவை மறையவில்லை.

ஆங்கிலேயரின் இந்தியப் படையில் இதே நோய் ஒருமுறை பெருந்தொல்லை விளைவித்தது. துப்பாக்கித் தோட்டாக்களின் உறைகள் பித்தளையால் ஆனவை: செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. மழைக் காலத்தில் குதிரை இலாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களை எடுத்துப் பார்த்தால், சுடப்படாமலேயே உறைகள் வெடித்திருந்தன. பருவமழையோடு சேர்ந்து வந்தமையால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்டனர். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் 1921 ஆம் ஆண்டில் அதன் காரணத்தை விளக்கினர். பித்தளைத் தகட்டைச் சூடேற்றாமல் அழுத்தி வடிவமைக்கும்போது உலோகத்தினுள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் காற்றின் ஈரமும் சேர்ந்து, அவ்விழுவிசை நிறைந்த பகுதிகளில், உலோக மணிகளுக்கு இடைப்பட்ட எல்லை வழியே அரித்துக்கொண்டு உட்செல்கின்றன. இழுவிசை மட்டும் இருந்தாலும் வெடிக்காது, அமோனியா மட்டும் இருந்தாலும் வெடிக்காது. இரண்டும் கூடினால் கனத்த பித்தளையும் காய்ந்த மண்ணாங்கட்டிபோல் பிளக்கும். வடிவமைத்த பின் மிதமாகச் சூடேற்றி அவ்விழுவிசையைத் தளர்த்திவிட்டால் நோய் வராது. ஆனால், வந்த பின் சூடேற்றுவதால் பிளவு கூடாது.

குதிரைக்குப் பதில் மாடு. இலாயத்துக்குப் பதில் தொழுவத்துப் பரண். மழைக்கோ அகத்தியமலைச் சாரலில் குறைவில்லை. ஸ்டவ்வின் தொட்டியும் குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கப்பட்டதே. ஐயம் வந்த பின் சோதித்தறியாமல் விட இயலுமா? பண்டு ரயில்வேப் பணிமனைகளில் அச்சுகளின் வெடிப்பை எண்ணெயும் வெள்ளைத் தூளும் கொண்டு கண்டுபிடிப்பர். அம்முறையைப் பின்பற்றினேன். தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, வெளிப்புறத்தில் சாக்குக்கட்டித் தூளை நீரில் குழைத்துப் பூசி உலரவிட்டேன். மண்ணெண்ணெய் மிக நுண்ணிய பிளவிலும் ஊர்ந்து செல்லும் இயல்புடையது. காலையில் பார்த்தபோது, வெள்ளைப் பூச்சின் மீது நான்கு கருங்கோடுகள் ஈரமாகத் தெரிந்தன. நான் கண்டவை மூன்று; நான்காவது பம்பு பொருந்துமிடத்தில் இருந்தது.

விதுராவில் பாத்திரம் செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். பற்று வைத்து அடைத்துத் தருவதாகக் கூறினார். கைத்திறன் மிக்கவர்தாம், குடமாயின் அவர் சொல் சரி. ஆனால், பற்று வைக்கும் ஈயக் கலவை 190 டிகிரிக்கு முன்னரே இளகிவிடும். அன்றியும், வெடிப்பின் வாயை அடைக்கலாமேயன்றி, அது மேலும் ஓடுவதைத் தடுக்க முடியாது. உள்ளே அழுத்தத்தில் மண்ணெண்ணெய், மேலே ஒரு சாண் உயரத்தில் நெருப்பு, முன்னே எண்பது வயதைக் கடந்த மூதாட்டி. நான் இசையவில்லை.

இவ்விடத்தில் வேறொன்றையும் கூறியாக வேண்டும். 1970-களிலும் 1980-களிலும் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வெளிவந்தது. அவற்றுள் சில உண்மையான விபத்துகள்: எண்ணெயில் பெட்ரோல் கலந்தமை, எரியும்போதே மூடியைத் திறந்து ஊற்றியமை, அணைந்த சூட்டில் மீண்டும் ஸ்பிரிட் விட்டமை முதலிய காரணங்களால் நேர்ந்தவை. வேறு பலவற்றில் அடுப்பு வெடிக்கவே இல்லை; வரதட்சிணைக் கொடுமைக்கு அது திரையாயிற்று. வரதட்சிணைச் சாவு என்னும் குற்றத்தைத் தனியே வரையறுத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1986 இல் பிரிவு சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய சாவுகளும் காரணம். பழைய ஸ்டவ்வைக் கண்டால் இன்றும் சில குடும்பங்களில் முகம் வாடுவதை நான் கண்டிருக்கிறேன். சேகரிப்போர் இதனையும் அறிந்திருத்தல் நலம்.

பழங்கருவிகளைத் தேடுவோருக்குச் சென்னை மூர் மார்க்கெட் ஒரு காலத்தில் புகலிடமாயிருந்தது. 1985 ஆம் ஆண்டுத் தீயில் அக்கட்டடம் அழிந்தது. காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பொருள்கள் இன்றும் கிடைக்கின்றன. விலைதான் தொட்டாற் சுடும். கரியடுப்பின் மீது அடுக்குகளை வைத்து நீராவியில் வேகவைக்கும் ருக்மணி குக்கர் அங்கே காணக்கூடும். அதே கருத்தில், 1910 ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் என்பார் உருவாக்கிய இக்மிக் குக்கர் வங்காளத்தில் புகழ் பெற்றது. 1950-களில் புது தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட சூரிய அடுப்பு ஒன்றேனும் எங்கேனும் கிடைக்குமா என்று நானும் தேடி வருகிறேன். இதுகாறும் கண்ணிற் படவில்லை.

மின்சாரக் கருவிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். பழைய மிக்ஸியாயினும் ரொட்டி வாட்டியாயினும், வாங்கிய அன்றே பிளக்கைச் செருகிப் பார்க்கலாகாது. ரப்பர் உறை காய்ந்து உதிர்ந்திருக்கும். நிலக்கம்பி பெரும்பாலும் இராது. மின்தடுப்புச் சோதனையில் ஒரு மெகாஓமுக்கும் குறைவாகக் காட்டினால் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும். வாட்டியினுள் வெண்ணிறப் பஞ்சு போன்ற பொருள் தென்பட்டால் அது கல்நாராக இருக்கக்கூடும். கிளறாமல் மூடி அப்பால் வைத்துவிடுக. அதன் தூசு நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாவது.

ஈயம் பூசிய பாத்திரங்களைப் பற்றியோ சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பித்தளையிலோ செம்பிலோ புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஊறும் என்பதனால் உட்புறம் ஈயம் பூசுவது வழக்கம். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவி, உலோகத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே வீச்சில் இழுத்துவிடுவர். வெண்புகை எழுந்து நவச்சாரம் ஆக்சைடை நீக்கிவிட, உருகிய உலோகம் வெள்ளிபோல் படியும். இங்கே ஒரு சொற்குழப்பம் உயிருக்கே ஊறு செய்வதாக உள்ளது. ஈயம் என்னும் ஒரே சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கிறது. அடுக்களையில் ஈயச் சொம்பு என்றால் வெள்ளீயம். பள்ளி நூலில் ஈயம் என்றால் காரீயம். முன்னது 232 டிகிரியில் உருகும், தீங்கற்றது. பின்னது 327 டிகிரியில் உருகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. விலை மலிவு கருதி முன்னதில் பின்னதைக் கலப்போர் உண்டு. புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். கண்ணால் பார்த்தோ, காகிதத்தில் கோடிழுத்தோ உறுதி செய்ய இயலாது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதிப்பதே வழி. பாட்டி காலத்து ஈயச் சொம்பு என்பதனாலேயே அது நல்லது என்று கொள்ளற்க. என் சொற்களஞ்சியக் குறிப்பேட்டில் இவ்விரு சொற்களின் கீழ் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

மீண்டும் ஸ்டவ்வுக்கு வருவோம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய உலோகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். இரண்டாம் நாள் மாலையில், எரிமுகம் இல்லாத ஒரு தொட்டி கிடைத்தது. எடைக்கு எடை பித்தளை விலைதான் கேட்டனர். சாக்குக்கட்டிச் சோதனையில் ஓர் ஈரக்கோடும் தோன்றவில்லை. பின்னர் அதில் விளிம்பு வரை நீரை நிரப்பிப் பம்பு செய்து பார்த்தேன். காற்றை மட்டும் அடைத்துச் சோதிப்பதினும் இதுவே பாதுகாப்பானது. நீர் சுருங்காது ஆதலின், தொட்டி விட்டுப்போனாலும் சிதறாமல் ஒழுகுவதோடு நிற்கும். ஒழுகவில்லை. இவ்வகை அடுப்புகள் பலவற்றில் திருகின் அளவு ஒன்றே ஆதலால், பெரியம்மாவின் எரிமுகமும், பம்புத் தண்டும், மூன்று கால்களும் அதில் பொருந்தின.

தொட்டி மாறியதை அவரிடம் மறைக்கவில்லை. விளிம்பிலிருந்த வெடிப்புகளைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். “அப்ப இது என் ஸ்டவ் இல்லையே” என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பழைய தொட்டியை எடுத்துத் தம் துணிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

மண்ணெண்ணெயோ நியாய விலைக் கடையில் அரிதாகிவிட்டது. பக்கத்து லயத்தார் ஒருவர் அரை லிட்டர் கொடுத்து உதவினார். லயத்தின் முற்றத்தில், கூரைக்கு எட்டாத இடத்தில், ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் அருகே வைத்துக்கொண்டேன். எரியும் மண்ணெண்ணெயின் மீது நீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும். கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தி, அது வற்றும் தறுவாயில் காற்றுத் திருகை மூடிப் பம்பு செய்தேன். முதலில் மஞ்சள் நாக்கு ஒன்று எழுந்தது. நான் பம்பைக் கை விடுவதற்குள் பெரியம்மா குனிந்து, அஞ்சறைப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த ஸ்டவ் பின்னைத் துளையில் ஒருமுறை குத்தியெடுத்தார். சுடர் நீலமாகி வட்டமாய் விரிந்தது, இரைச்சல் எழுந்தது.

அவர் சிறிது நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “சத்தம் அதுதான்” என்று கூறிவிட்டு, தேயிலைத் தூள் எடுக்க உள்ளே சென்றார்.